வண்டிப்பெரியார் போய்வந்த வான்புகைக் கண்ணாடி

1

மறையூருக்கு நான் மலையேறி வந்து இந்த ஆவணியோடு இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கீழே உடுமலைப் பக்கத்தில் இருக்கும் நம் சனங்களிடம் இதை வெளிநாடு என்று சொன்னால் சிரிப்பார்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்தான். ஆனால் சின்னாற்றைத் தாண்டியதும் ரேஷன் கார்டு வேறு எழுத்து, நிலவரி ரசீது வேறு எழுத்து, பஸ்ஸின் நெற்றியில் வேறு எழுத்து. சிங்கப்பூர் போனவன்கூட அங்கே சர்க்கார் பலகையில் நம் எழுத்தைப் பார்க்கிறானாம். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஆகவே நானும் அக்கரைச் சீமைக்காரன்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மலையேறும்போது கையில் ஒரு மாற்று வேட்டி. வேலை, அடுத்தவர் கரும்பாலையில் அடுப்புக்குச் சக்கை தள்ளுவது. இன்று சொந்த ஆலை, எஞ்சின் வைத்து ஓடுகிறது. சர்க்கரை உருண்டையை, அதாவது வெல்லத்தை, நாக்கில் வைத்ததுமே இது இன்னார் ஆலை என்று என் பெயரைச் சொல்லும் வியாபாரிகள் மூணாறு வரைக்கும் இருக்கிறார்கள். மலையாளத்தில் ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாமலே இத்தனையும் செய்தேன் என்று நான் சொல்லாத இடமில்லை. வாய் இருக்கிறது, பேசிச் சமாளித்தேன். பஸ் பலகையை மட்டும் எழுத்தின் உருவத்தைப் பார்த்து அடையாளம் வைத்து ஏறிவிடுவேன்.

இதையெல்லாம் பீற்றிக்கொள்ள எழுதவில்லை. பீற்றிக்கொள்ள வேறு இருக்கிறது. புதிதாகப் பிரித்த இந்த ஜில்லா முழுக்கத் தேடினாலும், தன் கையால் தேய்த்த ஆறங்குலக் கண்ணாடியில் நெபுலா பார்க்கிறவன் நான் ஒருவன்தான்.

நெபுலா என்றால் வேறொன்றுமில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி, ஆவி மாதிரி படிந்து கிடப்பது. பத்திரிகைகளில் என்னென்னவோ பெயர் வைத்து எழுதுகிறார்கள். நான் வான்புகை என்கிறேன். இருபத்தெட்டு வருஷம் பாகு காயும் கொப்பரை முன்னால் நின்றவனுக்கு, எது புகை எது ஆவி என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மூணாற்றில் ஒரு எஸ்டேட் பங்களாவின் பழைய சாமானை விற்றபோது இரும்புக்காக ஒரு பெட்டி வாங்கினேன். அடியில் ஓர் இங்கிலீஷ் புஸ்தகம், வான்புகைப் படங்களோடு, தொலைநோக்கி செய்யும் முறையோடு. எஸ்டேட் ஆபீசில் இருந்த ஒரு தமிழ்க் கிளார்க்கைப் பிடித்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். கொச்சியில் கப்பல் உடைசல் விற்கிறவரிடம் ஜன்னல் கண்ணாடி வட்டம் இரண்டு வாங்கினேன். எண்ணெய்ப் பீப்பாயின் மேல் ஒன்றை வைத்து, நடுவில் உப்புத்தாளில் இருக்கும் எமரிப் பொடி தூவி, மற்றதை வைத்து அதன்மேல் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே பீப்பாயைச் சுற்ற வேண்டும். அப்போது ஆலையில் எஞ்சின் கிடையாது, செக்கைச் சுற்றி மாடு நடக்கும். அந்தப் பக்கம் மாடு, இந்தப் பக்கம் நான். பதினாலு மாசம். கடைசியில் கண்ணாடியின் நடுவே ஒரு குழி விழுந்தது. காலணாக் காசின் கனம்தான் அந்தக் குழி. அந்தக் குழிதான் எல்லாம். அதுதான் வெளிச்சத்தைக் கூட்டிக் கண்ணுக்குக் கொண்டுவருகிறது.

குழாயைக் கொப்பரை தட்டுகிறவரே தகரத்தில் சுருட்டிக் கொடுத்தார். கண் வைக்கும் வில்லை, உடைந்த பைனாகுலரில் கழற்றியது. இப்படித்தான் பதினாறு வருஷம் பார்த்தேன். பார்த்ததை எல்லாம் நோட்டில் எழுதினேன். ஒன்பது நோட்டு இருக்கிறது. எனக்குப் பிறகு என் பையன் வேலுச்சாமி எடுத்துப் படிக்கட்டும், விட்ட இடத்திலிருந்து பார்க்கட்டும் என்று எழுதினேன்.

இந்த வருஷம் ஆவணி வரைக்கும் அந்தக் குழாயில் கண் வைக்க முடியவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

2

கண்ணாடி தேய்த்தால் மட்டும் போதாது, அதன்மேல் வெள்ளி ரசம் ஏற்ற வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்பக்கம் ரசம் பூசிச் சிவப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். என்னுடையதற்கு முன்பக்கம், அந்தக் குழிக்குள்ளேயே ஏற்ற வேண்டும். முன்பக்கம் ரசம் திறந்து கிடப்பதால் ஒரு வருஷத்தில் கறுத்துப்போகும். ஆலைப் புகைக்கு இன்னும் சீக்கிரம். வருஷா வருஷம் தை பிறந்ததும் நானே உடுமலைக்கு இறங்கி, ஒரு கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்து ஏற்றிக்கொண்டு வருவேன். முதல் தடவை அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க, மூஞ்சியில ரசம் பூசச் சொல்றீங்க? நாலு நாள்ல அழிஞ்சு போயிருமுங்க."

"அழிஞ்சா மறுபடி வாரேன். நீங்க பூசுங்க."

பூசும்போது என்னை வெளியே பெஞ்சியில் உட்கார வைத்துவிடுவார். தொழில் ரகசியமாம். பதினாறு வருஷம் அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தையில் என்னால் போக முடியவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் கொதிக்கிற பாகு காலில் தெறித்துச் செருப்புப் போட முடியாமல் கிடந்தேன். பொங்கலுக்கு வந்திருந்த வேலுச்சாமிதான், "குடுங்கப்பா, நான் கொண்டுபோய்க் குடுத்தர்றேன்" என்றான். அவன் வண்டிப்பெரியாரில் ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். இங்கேயே மலையாளப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவன் நான்தான். இந்த ராஜ்யத்தில் உத்தியோகம் வேண்டுமென்றால் அந்த எழுத்துத்தான் வேண்டும் என்று யோசித்துச் செய்தேன். தமிழ்தான் வீட்டிலேயே பேசுகிறானே, அது தானாக வந்துவிடும் என்று இருந்தேன். வந்தும்விட்டது என்றுதான் நம்பினேன். மாசம் தவறாமல் தமிழில் கார்டு போடுவான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். கடைவீதியில் நாலு பேரிடம் காட்டுவேன்.

அவனிடம் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன். 'குழி இருக்கும் பக்கம்தான் ரசம் ஏற்ற வேண்டும். பின்பக்கம் தொடக்கூடாது. பெயிண்ட் கூடாது. சட்டம் கூடாது.'

"உடுமலையில அவருகிட்டயே குடுக்கணும். தெரியுதா?"

"தெரியுதுங்கப்பா."

மாசி வந்தது. மாசியில் பொழுது சாய்ந்து இருட்டியதும் உச்சி வானத்தில் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அதற்குக் கீழே ஒரு மங்கல் தொங்கும். வான்புகைகளில் மூத்தது அதுதான் என்பேன். வெறுங்கண்ணுக்கே தெரியும். ஆனால் என் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரி, லேசான பச்சை ஓடி, நடுவில் நாலு கடுகு கொட்டிய மாதிரி நாலு நட்சத்திரம். கொப்பரையில் முதல் கொதி வந்ததும் விளிம்பைத் தாண்டி ஆவி புரளும் பாருங்கள், அதை யாரோ அப்படியே நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும்.

இந்த மாசியில் வெறும் தகரக் குழாயை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். பையனுக்குக் கார்டு போட்டேன். 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்று பதில் வந்தது, முத்து முத்தான எழுத்தில்.

3

விஷுவுக்கு லீவு கிடைத்து வேலுச்சாமி வந்தான். மூணாறு பஸ்ஸிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினான். எனக்கு அப்போதே சந்தேகம். உடுமலையிலிருந்து வர வேண்டிய கண்ணாடி மூணாறு பக்கமிருந்து எப்படி வரும்?

பிரித்தேன். வட்டக் கண்ணாடி. பளபளவென்று மரச் சட்டம். பின்னால் சிவப்புப் பெயிண்ட். சுவரில் மாட்ட ஒரு வளையம். அதில் என் மூஞ்சி தெரிந்தது, மீசை முதல் கொண்டு.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டலாம்" என்றாள்.

"இது என் கண்ணாடி இல்ல" என்றேன். கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. கனம் பாதிகூட இல்லை. "என்ர கண்ணாடி எங்கடா?"

வேலுச்சாமி பொட்டலக் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னான். உடுமலைக்கு இறங்கி ஏற லீவு போதவில்லையாம். தான் இருக்கும் ஊர்தானே என்று வண்டிப்பெரியாரிலேயே ஒரு கண்ணாடிக் கடையில் கொடுத்தானாம்.

"பழசுல முகம் சரியாத் தெரியலையாமுங்கப்பா. அந்தக் கடைக்காரர் பாவம், காசு வாங்காமப் புதுசு போட்டுக் குடுத்தாரு."

"முகம் பார்க்கறதுக்கா நான் பதினாலு மாசம் மாட்டோட மாடா நடந்தேன்? சீட்டு எழுதிக் குடுத்தனேடா!"

"சீட்டையும் குடுத்தனுங்கப்பா."

அன்றைக்குச் சித்திரை ஒன்று. வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. சித்திரையில் முன்னிரவில் தெற்கே மலை விளிம்புக்கு மேல், சிலுவை போல் நிற்கும் நாலு நட்சத்திரத்துக்கு மேற்கே, பெரிய வான்புகை ஒன்று வரும். நடுவில் கருப்பாக ஒரு வெட்டு, சாவித் துவாரம் மாதிரி. பக்கத்தில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு நட்சத்திரம். லண்டனில் எத்தனை பெரிய தொலைநோக்கி வைத்திருந்தாலும் அது தெரியாது. அவர்கள் வானத்தில் அது எழும்புவதே இல்லை. மறையூரில் சர்க்கரை காய்ச்சுகிறவனுக்குத் தெரியும். அந்த ஒன்றுக்காகவே நான் இந்த மலையை விட்டு இறங்காமல் இருக்கலாம்.

அந்த வான்புகை எழுந்து வந்து, மலை விளிம்போரமாகவே நகர்ந்து போய்விட்டது. நான் சுவரில் மாட்டும் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் பையனும் கிளம்பினோம். மூணாற்றில் மாறி, பூப்பாறை, வண்டன்மேடு, குமுளி என்று சுற்றி வண்டிப்பெரியார் சேர்ந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. வழி முழுக்க நான் மூஞ்சியை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தேன். வண்டன்மேட்டில் ஏலக்காய் மூட்டைக்காரர் ஒருவர், "அண்ணாச்சிக்கு வயித்துக் கடுப்பா?" என்று பையனிடம் விசாரித்தார்.

கடைக்காரர் மலையாளி. என் வயசு இருக்கும். எஸ்டேட் சனங்களோடு பழகித் தமிழ் கலந்து பேசினார். சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தவர் பையனைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா மோனே. கண்ணாடி பிடிச்சோ அச்சனுக்கு?"

"என் பழைய கண்ணாடி எங்கே?" என்றேன்.

"அது கேடு வந்ததாணு அண்ணாச்சி. பின்னாலே ரசம் பூசிப் பாத்தேன், முகம் சிறுத்துப் போகுது. இந்தப் பெரிய மனுசனோட முகத்தைக் கொழந்தை முகமாக் காட்டுது. அப்படியொரு சாமானைக் குடுத்துக் காசு வாங்கினா எனக்குத்தானே கேவலம்? புதுசு இட்டுத் தந்தேன்."

சிறுக்கத்தான் செய்யும். குழியின் பின்னால் ரசம் பூசினால் முகம் சிறுக்கும், முன்னால் பூசினால் பெருக்கும். அந்த மனுஷன் மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"சீட்டு குடுத்தேனே?"

ஆணியில் குத்தி வைத்திருந்த காகிதங்களில் தேடி என் சீட்டை எடுத்தார். "தமிழ் பேசும் அண்ணாச்சி, வாசிக்க அறியில்லா. மோன்கிட்டே கேட்டேன், என்ன எழுதியிருக்குன்னு. நல்லா ரசம் பூசணும்னு எழுதியிருக்குன்னு சொன்னான்."

நான் சீட்டை வாங்கிப் பையனிடம் நீட்டினேன். "வாசிடா."

அவன் வாங்கினான். பார்த்தான். கடைக்குள் ஒரு பெண்பிள்ளை ரிப்பன் கேட்டு வந்தாள், இங்கே ரிப்பன் இல்லை என்று கடைக்காரர் அனுப்பினார். அவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வாசிக்கத் தெரியாதுங்கப்பா."

"என் கையெழுத்தா?"

"யார் கையெழுத்தும். உங்க பேர் தெரியும், என் பேர் எழுதத் தெரியும். அவ்வளவுதானுங்க."

"அப்ப மாசா மாசம் வர்ற கார்டு?"

"ஆபீசுல கூட இருக்கிறவர் எழுதறது. நீங்க போடறதையும் அவர்தான் வாசிச்சுச் சொல்லுவார்."

கடைக்காரர் எதையோ துடைக்கிற மாதிரி மேசையைத் துடைத்தார். எனக்குக் கார்டுகள் ஞாபகம் வரவில்லை. அலமாரியில் கிடக்கும் ஒன்பது நோட்டுகள்தான் ஞாபகம் வந்தன.

"சரி, கண்ணாடி" என்றேன். "உடைஞ்சு போச்சா?"

"ஏய், உடையற கனமா அது? இருக்கு." குனிந்து பட்டறைக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்து மேலே வைத்தார். சிவப்புப் பெயிண்ட் அடுக்கடுக்காகக் காய்ந்து, மேலே புதுப் பெயிண்ட் ஈரமாக, அதற்குள் ஒரு பெயிண்ட் கரண்டி. "நல்ல தட்டு அண்ணாச்சி. நடுவிலே ஒரு சின்னக் குழியுண்டு. பெயிண்ட் குழைச்சா வழியாது. எங்கே தேடினாலும் இப்படி ஒண்ணு கிட்டாது."

"அந்தக் குழிக்குத்தான் பதினாலு மாசம் நடந்தேன்" என்றேன்.

அப்புறம்தான் விவரம் சொன்னேன், வேலுச்சாமி இடையிடையே மலையாளத்தில் விளக்கினான். நான் அரை மணி நேரம் தமிழில் சொன்னதை அவன் நாலு வரியில் சொன்னான். கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை எடுத்து மெதுவாகக் கீழே வைத்தார், இனிமேல் கீறிவிடக் கூடாது என்கிற மாதிரி.

பெயிண்டைச் சுரண்டி, கீறலைத் தேய்த்து எடுக்காமல் ரசம் ஏறாது. அதற்கு மாசக் கணக்கில் ஆகும். ஆகவே அவர் ஒரு பாட்டிலில் வெள்ளி மருந்து ஊற்றிக் கொடுத்தார். "அண்ணாச்சியே தன்னெ பூசிக்கொள்ளு. பெரிய வித்தையில்லா. இந்த மருந்தும், பின்னே பஞ்சாரையும்."

"பஞ்சாரையா? சீனியா?"

"சீனிதான். சீனித் தண்ணி ஊத்தினாத்தான் மருந்திலிருந்து வெள்ளி பிரிஞ்சு கண்ணாடியிலே பிடிக்கும்."

பதினாறு வருஷம் பெஞ்சியில் உட்கார வைத்து உடுமலைக்காரர் மறைத்த ரகசியம் சீனி. அதுவும் ஒரு கரும்பாலைக்காரனிடம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைக்காரர் செய்முறை முழுவதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார், மலையாளத்தில். நான் மடித்து மடியில் செருகினேன். வேலுச்சாமி ஏதோ சொல்ல வந்தான். "நீ ஒண்ணும் வாசிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

5

வைகாசி முழுக்கப் பெயிண்ட் சுரண்டினேன். டர்பன்டைன் ஊற்றி ஊறவைத்து, மூங்கில் சிம்பால் சுரண்டினேன். கீறல் பதினொன்று. கீழே தார் மாதிரி கீலும், மெருகேற்றச் செங்காவியும் வைத்து மறுபடியும் பீப்பாயைச் சுற்றினேன். இப்போது மாடு இல்லை, எஞ்சின் ஓடுகிற சத்தத்துக்கு நான் தனியாகச் சுற்றினேன். ஆனி பாதியில் பளபளப்பு வந்தது. நாலு கீறல் போகவில்லை. அதனால் நட்டமில்லை, கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், அவ்வளவுதான்.

செய்முறைக் காகிதத்தை வாசிக்க ஆள் தேடவில்லை. கடைக்காரர் வாயால் சொன்னது ஞாபகம் இருந்தது. சீனி எதற்கு, நம் வீட்டில் இல்லாத சர்க்கரையா? முதல் தரமான உருண்டையாகப் பார்த்து எடுத்து, கரைத்து, நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டினேன். வெள்ளி மருந்தில் ஊற்றினேன். ஒரு நிமிஷத்தில் கறுத்தது. இரண்டு நிமிஷத்தில் சேறாகத் திரண்டது. கண்ணாடியில் ஒரு பொட்டு வெள்ளி பிடிக்கவில்லை. பாட்டிலில் பாதி மருந்து போயிற்று.

வெள்ளைச் சீனியே வேண்டும். அது ரேஷனில்தான் கிடைக்கும். ஆலைக்காரன் வீட்டுக்குச் சீனி எதற்கு என்று அதை வாங்கவே கூடாதென்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். இப்போது கார்டை எடுத்துக்கொண்டு நானே போய் வரிசையில் நின்றேன். சனங்கள் பார்த்துச் சிரித்தார்கள், நின்றேன்.

கடைப் பையன் கார்டைப் புரட்டினான். "இந்த மாசப் பஞ்சாரை வாங்கியாச்சல்லோ சேட்டா."

"யாரு வாங்கினது? எங்க ஊட்டுல வாங்கறதே இல்ல."

"எல்லா மாசமும் வாங்கியிட்டுண்டு. இதா, எழுதியிருக்கு."

எழுதியிருப்பது எனக்குத் தெரியவா போகிறது? என் சீனியை எவனோ தின்கிறான் என்று கத்தினேன். தாலுக்கா ஆபீஸ் வரைக்கும் போவேன் என்றேன். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் தலை நிமிர்ந்து வாழ்கிறவனை எழுத்துத் தெரியாதவன் என்று ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டேன். கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் வீட்டுக்காரி வந்தாள். வாங்க ஊட்டுக்கு என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

வீட்டில் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கித் திறந்தாள். நிறையச் சீனி.

"நான்தான் வாங்கறேனுங்க. உங்க சிநேகிதக்காரங்க, ஆபீசருங்க, யாரும் சர்க்கரைக் காப்பி குடிக்கறதில்லீங்க. ஒரு வாய் வெச்சுட்டு அப்புடியே வெச்சுட்டுப் போயிருவாங்க. நீங்க அந்தப் பக்கம் ஆலையப் பத்திப் பேசிட்டிருப்பீங்க, நான் சீனி போட்டு வேற கொண்டாந்து குடுப்பேன்."

"எத்தனை வருசமா?"

"கார்டுல எழுதியிருக்குமுங்க" என்றாள்.

அந்த மனுஷர்கள் எல்லாம் என் வீட்டுக் காப்பியைப் பிரமாதம் என்று சொன்னபோது, பார்த்தீர்களா என் சர்க்கரையின் மகிமையை என்று நான் சொல்லியிருக்கிறேன். ரேஷன் கடைப் பையனிடம் போய் மறுநாள் பேச வேண்டியிருந்தது. அதை எழுத வேண்டாம்.

ஆனால் ஒன்றை எழுதியாக வேண்டும். குழாய் வெறுமையாகக் கிடந்த இத்தனை மாசத்தில், அவள் ஒருநாள் தானாகவே, "அந்த வளையம் எப்பங்க வரும்?" என்று கேட்டாள். அபிஜித் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பீடிக்காரன் ஊதிவிட்ட மாதிரி ஒரு குட்டிப் புகை வளையம் உண்டு. அவள் பார்த்தது அது ஒன்றைத்தான், என்றைக்கோ ஒருமுறை. நான் மறந்திருந்தேன்.

6

ஓணத்துக்கு வேலுச்சாமி வந்தான். இரண்டு நாள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் திரிந்தோம். மூன்றாம் நாள் நான்தான் அந்த மலையாளக் காகிதத்தை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

"இதையாவது வாசி."

ஆலைக் கொட்டகையில் எனாமல் தட்டில் கண்ணாடியை வைத்து, சீனிப் பாகையும் மருந்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவன் என் தலைக்கு மேல் நின்று ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னான். எலுமிச்சையளவு இது, கரண்டியளவு அது, தட்டை இப்படி ஆட்டு, அப்படி ஆட்டு.

"வேகமா ஆட்டக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்கப்பா."

"பாகு ஆட்டினவனுக்கு நீ சொல்றியா?"

"நான் சொல்லலீங்க. எழுதியிருக்குது."

மெதுவாக ஆட்டினேன். தண்ணீர் பழுப்பாகி, கறுத்து, பிறகு அடியிலிருந்து வெள்ளி எழுந்து வந்தது. ஒரு ஓரத்தில் பெருவிரல் அகலத்துக்குப் பிடிக்கவில்லை. மீதியெல்லாம் பிடித்துவிட்டது. கழுவி நிமிர்த்தினேன். குழிக்குள் எங்கள் இரண்டு பேர் முகமும் பெருத்துத் தெரிந்தன.

ஆவணியில் மூணாற்றில் மழை கொட்டும், எங்கள் பக்கம் காற்று மட்டும் அடிக்கும், வானம் திறந்து கிடக்கும். ஆனால் திருவோணத்தன்று நிலா எங்கே நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் பார்க்க வேண்டியதற்குப் பக்கத்திலேயே, விளக்குக் கம்பம் மாதிரி நிற்கும். எட்டு மாசம் காத்திருந்து, கண்ணாடியும் தயாராகி, நிலாவைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமி கழிந்து மூன்று நாளானால்தான் முன்னிரவில் ஒரு மணி நேரம் இருட்டுக் கிடைக்கும். பையனுக்கு மறுநாள் லீவு முடிகிறது.

மறுநாள் காலையில் தபால் ஆபீசுக்குப் போய் எஸ்டேட்டுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்தான்.

"என்னன்னு அடிச்ச?"

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னுங்க."

"எனக்கு என்ன கேடு?"

"நிலா அடிக்குதே, அந்தக் கேடுதான்."

பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள், அடுப்பைச் சீக்கிரம் அணைக்கச் சொன்னேன். ஏழரை மணிக்கு நல்ல இருட்டு. விருச்சிகத் தேளின் கொடுக்குக்கு மேலே, பூராடத்துக்குச் சற்று மேற்கே குழாயைத் திருப்பினேன். எனக்குப் பிடித்த வான்புகை அங்கேதான் இருக்கிறது. மூத்தது மாசியில் வருவது, பெரியது சித்திரையில் வருவது. ஆனால் பிடித்தது இதுதான். ஒரு பக்கம் நட்சத்திரப் பொரி, மறு பக்கம் பால் மாதிரி புகை, நடுவே கறுப்பாக ஒரு வாய்க்கால் குறுக்கே ஓடும். கண்ணாடி செய்த இரண்டாம் வருஷம் வேலுச்சாமியைத் தூக்கிப் பிடித்து இதைக் காட்டினேன். அப்போது அவனுக்கு ஆறு வயசு.

தெரிந்தது. ஓரத்தில் வெள்ளி பிடிக்காத இடம், போகாத நாலு கீறல், எல்லாவற்றோடும் தெரிந்தது. நான் எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. பிறகு முதல் நோட்டைக் கொண்டுவந்து, சிம்னி விளக்கைச் சிவப்புத் துணியால் மூடிக்கொண்டு, அந்த வருஷத்துப் பக்கத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். 'ஆவணி. காற்று. பூராடத்துப் புகை நன்றாகத் தெரிந்தது. பையனும் பார்த்தான். பாலுக்குள்ள எறும்பு போகுதுங்கப்பா என்றான்.'

"நானா சொன்னேன்?"

"பின்ன நானா?"

அவன் கண் வைத்தான். காற்றில் குழாய் ஆடியது, நான் பிடித்துக்கொண்டேன். நிலா எழும்புகிற பக்கம் வானம் வெளுக்க ஆரம்பிக்கிறவரை அவன் கண்ணை எடுக்கவில்லை. இப்போது என்ன தெரியுது என்று கேட்டேன். அவன் கடைசி நோட்டை வாங்கி, அன்றைய தேதிக்கு நேராகப் பென்சிலால் ஒரு வரி எழுதினான். மலையாளத்தில்.

"என்னடா எழுதியிருக்க?"

"உங்க சீட்டை நான் வாசிச்ச மாதிரி, இதை நீங்க வாசிங்க" என்று சிரித்தான். காலையில் பஸ் ஏறிப் போய்விட்டான்.

வீட்டுக்காரிக்கு அவளுடைய வளையத்தைக் காட்டினேன். அவளாலும் அந்த வரியை வாசிக்க முடியாது. ரேஷன் கடைப் பையனிடம் கொண்டுபோய்க் காட்டினால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான். நான் போகவில்லை. இன்றோடு பதினாறு நாள். காலை பஸ் வரும்போது நோட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறேன். பஸ்ஸின் நெற்றியில் மறையூர் என்று நாலைந்து எழுத்து இருக்கிறது, மூணாறு என்று இன்னும் சில. அவற்றில் மூன்று எழுத்து வேலுச்சாமியின் வரியிலும் இருக்கின்றன. மீதி ஒன்பதை இன்னும் எந்தப் பஸ்ஸிலும் பார்க்கவில்லை.